லென்ஸ்காரர் கார் விற்ற கதை

அந்தக் கண்ணாடிக் கடைக்கு வந்துபோகிற வாடிக்கையாளர்களில் பாதிப் பேருக்குப் பின்னறையில் ஒருவர் இருக்கிறார் என்பதே தெரியாது. முன்பக்கம் பளிச்சென்ற விளக்குகளும், அலமாரி அலமாரியாக ஃப்ரேம்களும், "இது உங்க முகத்துக்கு எடுப்பா இருக்கு" என்று சொல்லிக்கொண்டே இருக்கும் விற்பனைப் பெண்களுமாகக் களைகட்டியிருக்கும். ஒரு திரைக்கு அப்பால் ஆறடிக்கு எட்டடியில் ஓர் அறை. அங்கே தேய்ப்பு இயந்திரத்தின் சக்கரத்தில் தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருக்கும். அதன் முன்னால் குனிந்து உட்கார்ந்து, வட்டமான லென்ஸை ஃப்ரேமின் வடிவத்துக்குத் தேய்த்துக்கொண்டிருப்பார் லென்ஸ்காரர். அரை மில்லிமீட்டர் கூடினால் லென்ஸ் ஃப்ரேமில் உட்காராது. குறைந்தால் கழன்று விழும். இருபத்திரண்டு வருடத்தில் அவர் தேய்த்த லென்ஸ் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

வேலையில் அப்பேர்ப்பட்ட கெட்டிக்காரரை ஏன் முதலாளி ஒருநாளும் முன்பக்கம் நிற்க வைக்கவில்லை என்றால், அவருக்குத் திக்குவாய். லேசுபாசான திக்கல் இல்லை. சில எழுத்துகளில் வாய் பூட்டிக்கொள்ளும். தாடை இறுகி, கண் தன்னால் மூடி, பத்து வினாடி, பதினைந்து வினாடி ஒன்றுமே வெளியே வராது. எதிரில் நிற்பவர்கள் அந்தப் பதினைந்து வினாடியில் படாத பாடு படுவார்கள். சிலர் தரையைப் பார்ப்பார்கள். சிலர் அவர் சொல்ல வந்ததைத் தாங்களே சொல்லி முடித்துவிட்டு, சரிதானே என்பதுபோல் தலையாட்டுவார்கள். இன்னும் சிலர், காது கேட்காதவரிடம் பேசுவதுபோல், கத்திக் கத்திப் பேசுவார்கள்.

ஆகவே நாற்பத்தாறு வயதுக்குள் அவர் தன் வாழ்க்கையை, பேசவேண்டிய தேவையே வராதபடி ஒழுங்குபடுத்தி வைத்திருந்தார். அவருக்கு இரண்டு வாய்கள் இருந்தன. ஒன்று அண்ணன். அண்ணன் இன்சூரன்ஸ் முகவர். பேச்சிலேயே சோறு தின்பவர். சாகப்போகிறோம் என்ற நினைப்பே இல்லாத இளவட்டங்களுக்குக்கூட ஆயுள் காப்பீடு எடுத்துக் கொடுத்துவிடுவார். மற்றொன்று மனைவி. மழலைப் பள்ளி ஆசிரியை. நாற்பது குழந்தைகளின் கூச்சலுக்கு மேலே ஏறி நிற்கிற குரல். டாக்டரிடம், வங்கியில், வீட்டுக்காரரிடம், தொலைபேசியில், எங்கும் இந்த இருவரில் ஒருவர்தான் பேசுவார். லென்ஸ்காரர் பக்கத்தில் நின்று புன்னகைப்பார்.

கார் வந்த கதையும் அப்படித்தான். பதினோரு வருடத்துக்கு முன்னால் கார் வாங்கப் போனபோது, எந்த நிறம் வேண்டும் என்று விற்பனையாளர் கேட்டார். லென்ஸ்காரருக்கு நீலம் வேண்டும். 'நீ' என்ற எழுத்திலேயே வாய் பூட்டிக்கொண்டது. அண்ணன் பார்த்தார், பொறுத்தார், மூன்று வினாடிக்கு மேல் பொறுக்க முடியவில்லை. "வெள்ளை எழுதிக்கங்க. வெயிலுக்கு வெள்ளைதான் நல்லது" என்று முடித்துவிட்டார். வீட்டுக்கு வெள்ளைக் கார் வந்தது. பதினோரு வருடம் லென்ஸ்காரர் அந்த வெள்ளைக் காரை, நீலக் காருக்கு வைத்திருந்த அத்தனை அன்பையும் கொட்டிப் பார்த்துக்கொண்டார். எண்ணெய் மாற்றிய தேதி, டயர் மாற்றிய தேதி, எந்தச் சத்தம் எந்த மாதம் தொடங்கியது, எல்லாம் ஒரு நோட்டில் பொடி எழுத்தில் இருந்தன.

இப்போது அதை விற்கவேண்டி வந்தது. கடையிலிருந்து ஏழு நிமிட நடையில் மூன்றாவது மாடியில் ஒரு வீடு அமைந்தது. நல்ல காற்று, நல்ல வெளிச்சம். கார் நிறுத்த மட்டும் இடம் கிடையாது. மாதக் கடைசியில் குடிபோக வேண்டும். அதற்குள் கார் கைமாறியாக வேண்டும்.

அண்ணன் செய்தி கேட்ட அன்றே வந்துவிட்டார். "நீ ஒண்ணும் கவலைப்படாத தம்பி. எனக்குத் தெரிஞ்ச பழைய கார் வியாபாரி ஒருத்தர் இருக்கார். எழுபதாயிரத்துக்கு எடுத்துப்பார். ஒரு போன் போட்டா போதும், வந்து ஓட்டிட்டுப் போயிடுவார்."

லென்ஸ்காரர் அதே வயதுள்ள, அதே ரகக் கார்களின் விளம்பரங்களை ஒரு வாரமாகப் பார்த்து வைத்திருந்தார். தொண்ணூறுக்குக் குறைந்து ஒன்றும் இல்லை. அதைச் சொல்ல வாயெடுத்தார். வார்த்தை கிளம்புவதற்குள் அண்ணன் டீயைக் குடித்து, செருப்பை மாட்டிக்கொண்டு, "நான் பாத்துக்கறேன்" என்று படியிறங்கிவிட்டார்.

சாதாரண நாளாக இருந்தால் மனைவியே இதைக் கவனித்திருப்பாள். அண்ணனையும் ஒரு பிடி பிடித்து, காரையும் நல்ல விலைக்குத் தள்ளியிருப்பாள். ஆனால் அந்த வாரம்தான் அவள் குரல் போயிருந்தது. இருபது வருடக் கத்தலில் குரல் நாண் தடித்துவிட்டது என்றார் டாக்டர். மூன்று வாரம் பேசக் கூடாது. கிசுகிசுப்பது அதைவிட மோசம். சிரிப்பதைக்கூட அடக்கிக்கொள்வது நல்லது. பள்ளியிலிருந்து ஒரு சிலேட்டைக் கொண்டுவந்து கழுத்தில் மாட்டிக்கொண்டாள். அவள் பேச்சுக்குச் சிலேட்டு போதவில்லை. ஒரு விஷயத்தை மூன்று தடவை எழுதி அழித்துச் சொல்லவேண்டியிருந்தது. கோபம் வந்தால் எழுத்து பெரிதாகும். பல்பம் உடைந்தால் மிகவும் கோபம் என்று அர்த்தம்.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் காரைச் சுற்றிச் சுற்றிப் பன்னிரண்டு படம் எடுத்தாள். இணையத்தில் விளம்பரம் போட்டாள். விலை தொண்ணூற்றைந்தாயிரம் என்று எழுதினாள். தொடர்பு எண் என்ற இடத்தில் கணவரின் எண்ணைப் போட்டாள். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சனிக்கிழமை பின்னறையில் லென்ஸ்காரரின் சட்டைப்பையில் போன் ஒன்பது முறை அதிர்ந்தது. எல்லாம் தெரியாத எண்கள். முதல் அதிர்விலேயே ஒரு லென்ஸின் ஓரம் கூடுதலாகத் தேய்ந்துவிட்டது. இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக ஒரு லென்ஸைக் குப்பையில் போட்டுவிட்டு, புதிதாக ஒன்றை எடுத்தார். ஒரு அழைப்பையும் எடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கேட்டார். மனைவியிடம் பேசும்போது அவருக்குத் திக்கல் பாதிதான் வரும். "எதுக்கு என் நம்பரைப் போட்ட?"

சிலேட்டில் எழுதினாள்: 'உங்க கார்.'

"அண்ணன் நம்பர் போட்டிருக்கலாம்ல?"

'அண்ணன் எழுபதுக்குத் தள்ளிடுவார்.'

"என்னால போன்ல பேச முடியாது. உனக்குத் தெரியும்."

அவள் சிலேட்டைத் துடைத்தாள். இந்த முறை வெகுநேரம் எழுதினாள். சிலேட்டு நிரம்பிவிட்டது. திருப்பிக் காட்டினாள்.

'என்னால முடியாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். நான் பேசாம இருக்கேன். உங்களால முடியாதுன்னு யார் சொன்னாங்க?'

லென்ஸ்காரர் அதை இரண்டு தடவை படித்தார். யாரும் சொல்லவில்லை. அதுதான் உண்மை. பள்ளிக்கூடத்தில் சிரித்தவர்கள் உண்டு, பொறுமையிழந்தவர்கள் உண்டு, பாவப்பட்டவர்கள் நிறைய உண்டு. முடியாது என்று தீர்ப்புச் சொன்னது அவரேதான். அன்று இரவுச் சாப்பாட்டில் இரண்டு பேருமே பேசவில்லை. அவள் வாய்க்கு டாக்டர் பூட்டுப் போட்டிருந்தார். அவர் யோசித்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் போன் அடித்தது. எடுத்தார். 'வணக்கம்' என்று சொல்ல நினைத்தார். 'வ'வில் பூட்டு விழுந்தது. மறுமுனையில் ஒருவர் "ஹலோ... ஹலோ... சிக்னல் இல்ல போல" என்று வைத்துவிட்டார். அடுத்த அழைப்பு ஒரு இளைஞன். இவர் திக்கியதைக் கேட்டுச் சிரித்தான், பக்கத்தில் யாரிடமோ "ஏதோ ரேடியோ மாதிரி விட்டு விட்டு வருதுடா" என்றான். லென்ஸ்காரர் அழைப்பைத் துண்டித்தார். முகம் சிவந்து, காது சுட்டது. போனைத் தூக்கி எறியத்தான் தோன்றியது. மனைவி அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். சிலேட்டைத் தொடவில்லை.

அப்போது அவருக்கு ஒன்று தோன்றியது. ஒரு ஃப்ரேமில் கீறல் இருந்தால், அதை மறைத்துக் கொடுத்தால் வாடிக்கையாளர் வீட்டுக்குப் போய்க் கண்டுபிடித்துச் சண்டைக்கு வருவார். முதலிலேயே காட்டிவிட்டால் சண்டை இல்லை. இதையும் முதலிலேயே காட்டிவிட்டால் என்ன?

மூன்றாவது அழைப்பு பத்து மணிக்கு வந்தது. எடுத்ததும், வணக்கம் கிணக்கம் ஒன்றும் இல்லாமல், மெதுவாகச் சொன்னார். "எனக்குத் திக்கும். பேச நேரமாகும். கார் வேணும்னா... கொஞ்சம்... காத்திருக்கணும்."

இடையில் 'கா'வில் ஒரு நீண்ட பூட்டு விழுந்தது. மறுமுனையில் யாரும் குறுக்கிடவில்லை. குக்கர் விசில் சத்தம் மட்டும் கேட்டது. அவர் முடித்ததும் ஒரு பெண் குரல், "காத்திருக்கேன் சார். சமையல்தான் பண்ணிட்டிருக்கேன், ஒண்ணும் அவசரமில்ல" என்றது. அவர் இருபது நிமிடம் பேசினார். கார் எத்தனை தூரம் ஓடியிருக்கிறது, வேறு கை மாறியதா, ஏன் விற்கிறார், எல்லாம் சொன்னார். அவள் புதன்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு வந்து பார்ப்பதாகச் சொன்னாள். போனை வைத்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. லென்ஸ்காரர் போனை மேசையில் வைத்துவிட்டு, நாற்காலியில் சாய்ந்து, மனைவியைப் பார்த்துச் சிரித்தார். அவள் சிலேட்டில் ஒரு பெரிய நட்சத்திரம் போட்டுக் காட்டினாள். அவள் வகுப்பில் எழுத்து சரியாக எழுதின பிள்ளைகளுக்குக் கிடைப்பது.

அன்று மட்டும் பதினொரு அழைப்புகள். பத்து மணிக்குப் பிறகு எல்லோரிடமும் முதல் வாக்கியம் அதேதான். நான்கு பேர் வைத்துவிட்டார்கள். ஒரு வார்த்தைக்குப் பத்து வினாடி காத்திருக்க முடியாதவன் பதினோரு வயதுக் காரை எப்படி வைத்துக்கொள்வான் என்று நினைத்து, லென்ஸ்காரர் அவர்களைப் பற்றிக் கவலைப்படவில்லை.

அன்று மதியமே ஒருவர் பார்க்க வந்தார். மச்சினனுக்கு வாங்குவதாகச் சொன்னார். ஆனால் சட்டைப்பையிலிருந்து ஒரு சின்னக் காந்தத்தை எடுத்து, கதவு கதவாக ஒட்டிப் பார்த்த விதத்திலேயே ஆள் யார் என்று தெரிந்துபோயிற்று. கார் வாங்கி விற்கிற வியாபாரி. டிக்கிக் கதவின் மூலையில், தகரத்தை மறைத்த பூச்சின் மேல், காந்தம் ஒட்டவில்லை. "இங்க அடிபட்டு பட்டி பூசியிருக்கு" என்றார் வெற்றியோடு. லென்ஸ்காரர் ஆமாம் என்று தலையாட்டி, நோட்டைத் திறந்து, அடிபட்ட தேதியையும் சரிசெய்த இடத்தையும் காட்டினார். வந்தவருக்குச் சப்பென்று ஆகிவிட்டது. பிறகு டயரை உதைத்தார். இஞ்சின் சத்தத்தைக் கேட்டு முகம் சுளித்தார். சீட்டைத் தட்டித் தும்மினார். கடைசியில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"எழுபத்திரண்டாயிரம். இப்பவே கைல காசு."

லென்ஸ்காரர் 'முடியாது' என்று சொல்ல வாயெடுத்தார். 'மு'வில் பூட்டு விழுந்தது. உதடுகள் ஒட்டிக்கொண்டன. தாடை இறுகியது. கண் மூடிக்கொண்டது.

வந்தவர் அவர் முகத்தையே பார்த்தார். "சரி, எழுபத்தஞ்சு."

உதடு பிரியவில்லை.

"யோசிக்கிறீங்க, புரியுது. எழுபத்தெட்டு."

லென்ஸ்காரரின் கழுத்து நரம்பு புடைத்தது. வந்தவர் ஓரடி பின்னால் வைத்தார். "என்ன சார், இவ்வளவு பிடிவாதம். எண்பது. இதுக்கு மேல சல்லிக்காசு கிடையாது."

"முடியாது" என்று வெளியே வந்தது வார்த்தை.

"எண்பத்திரண்டு" என்றார் வந்தவர், தன் வாயைத் தானே நம்பாதவர்போல்.

ஜன்னலுக்குப் பின்னால் மனைவி துண்டை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள். டாக்டர் பார்த்திருந்தால் திட்டியிருப்பார். வியாபாரி தன் எண்ணை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு, தெருமுனை வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். ஒரே ஒரு வார்த்தை பேசி பத்தாயிரம் ஏற்றிய ஆளை அவர் தன் தொழிலில் பார்த்ததில்லை போலிருக்கிறது.

லென்ஸ்காரர் காரின் மீது சாய்ந்து வெகுநேரம் நின்றார். தன் மௌனத்தைக் கண்டு உலகத்தில் தான் ஒருவர்தான் பயப்படுவதாக இத்தனை வருடம் நினைத்திருந்தார். மற்றவர்கள் தன்னைவிட அதிகமாகப் பயப்படுகிறார்கள். அவர்களால் அதில் ஒரு நிமிடம்கூட நிற்க முடியவில்லை. அவர் அதற்குள்ளேயே குடியிருப்பவர்.

புதன்கிழமை ஆறு மணிக்கு அந்தப் பெண் வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். பிசியோதெரபி செய்பவள். நடக்க முடியாதவர்களின் வீடுகளுக்குப் போய்க் கை கால் பயிற்சி கொடுப்பது வேலை. தோளில் மடக்கு மேசை ஒன்றைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வந்திருந்தாள். "இது உள்ள போச்சுன்னா மத்ததெல்லாம் அப்புறம் பேசலாம் சார். தினமும் ஆறு வீடு, ஆறு பஸ். தோள் வலிக்கு நானே ஆள் தேடிட்டிருக்கேன்" என்றாள். பின்சீட்டை மடக்கி மேசையை உள்ளே தள்ளினார்கள். அளவெடுத்துச் செய்ததுபோல் உட்கார்ந்தது. அவள் முகம் மலர்ந்ததை மறைக்க முயன்றாள், முடியவில்லை.

ஓட்டிப் பார்த்தாள். திரும்பி வந்ததும் லென்ஸ்காரர் நோட்டைத் திறந்து, உள்ளது உள்ளபடி சொல்ல ஆரம்பித்தார். இடது பின்கதவின் கண்ணாடி மேலே ஏறும்போது கையால் கொஞ்சம் உதவி செய்ய வேண்டும். குளிர் நாளில் முதல் இரண்டு நிமிடம் இஞ்சின் பெல்ட் கத்தும். பயப்பட வேண்டாம். கிளட்ச் இன்னும் ஒரு வருடம்தான் தாங்கும். ஒவ்வொன்றுக்கும் நேரமானது. அவள் காரில் சாய்ந்து, கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள். நோயாளி ஒருவர் காலைத் தூக்க அரை நிமிடம் எடுத்துக்கொள்வதைத் தினமும் பார்க்கிறவள். காத்திருப்பது அவளுக்குத் தொழில்.

அந்த நேரம் பார்த்துத்தான் அண்ணன் வந்து சேர்ந்தார். யாரோ விளம்பரத்தைக் காட்டியிருக்கிறார்கள். வேகமாக வந்தவர், காரின் பக்கத்தில் ஒரு வாடிக்கையாளரைக் கண்டதும் வேகத்தைக் குறைத்து, முகத்தில் இன்சூரன்ஸ் சிரிப்பை மாட்டிக்கொண்டார்.

"வாங்கம்மா, வணக்கம். நான் இவரோட அண்ணன். தம்பிக்குப் பேச்சு கொஞ்சம் சிரமம். எதுவா இருந்தாலும் என்கிட்ட கேளுங்க. வண்டி பூ மாதிரி. வீட்டுப் பிள்ளை மாதிரி வளர்த்த வண்டி."

லென்ஸ்காரர் அப்போதுதான் அடுத்த விஷயத்தைச் சொல்லத் தொடங்கியிருந்தார். பின்பக்கம் ஒருமுறை அடிபட்டது என்று சொல்ல வேண்டும். "பி..." என்று தொடங்கி நின்றது.

"பிரேக் புதுசு" என்று முடித்தார் அண்ணன். "அதைத்தான் சொல்றான். பிரேக் போன மாசம்தான் மாத்தினான். இல்லியா தம்பி?"

பிரேக் மாற்றி மூன்று வருடம் ஆகிறது. அந்தப் பெண் லென்ஸ்காரரைப் பார்த்தாள். அண்ணனும் பார்த்தார், வழக்கமான தலையாட்டலை எதிர்பார்த்து. எத்தனையோ வருடம் அவர் ஆட்டிய தலை அது. டாக்டரிடம் இல்லாத வலிக்கு ஆட்டியிருக்கிறார். கல்யாண வீட்டில் பிடிக்காத பலகாரத்துக்கு ஆட்டியிருக்கிறார். வெள்ளை நிறத்துக்கும் ஆட்டியிருக்கிறார். ஆட்டிவிட்டால் அடுத்த நிமிடம் எல்லாம் சுமுகமாக முடிந்துவிடும். ஆனால் இந்தப் பெண் நாளைக்கே இந்தக் காரை ஏதாவது ஒரு பாலத்துச் சரிவில் இறக்குவாள். பிரேக் புதிது என்று நம்பி இறக்குவாள்.

"அண்ணா" என்றார். அது நன்றாக வந்தது. அடுத்தது வரவில்லை. அண்ணன் வாயைத் திறந்தார். லென்ஸ்காரர் கையைத் தூக்கி, உள்ளங்கையைக் காட்டி நிறுத்தினார். இதற்கு முன் அவர் அப்படி யாரையும் நிறுத்தியதில்லை. அண்ணன் வாய் திறந்தபடியே நின்றது.

எத்தனை வினாடி என்று யாரும் எண்ணவில்லை. தெருவில் ஒரு சைக்கிள் போயிற்று. மாடியில் யாரோ துணி உதறினார்கள். மனைவி வாசலில் சிலேட்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நான் பேசிட்டிருக்கேன்" என்றார் லென்ஸ்காரர். "நான் சொல்ல வந்தது அது இல்ல. பிரேக் மாத்தி மூணு வருஷம் ஆச்சு. நல்லா இருக்கு, ஆனா புதுசு இல்ல. நான் சொல்ல வந்தது... பின்பக்கம் ஒரு தடவை அடிபட்டது. டிக்கிக் கதவுல பட்டி பூசியிருக்கு. மழைத் தண்ணி உள்ள போகல. நான் பாத்துட்டேன்."

இத்தனையும் சொல்லி முடிக்க முழுசாக இரண்டு நிமிடம் ஆயிற்று. நடுவில் நான்கு இடத்தில் பூட்டு விழுந்தது. ஒருவரும் சாவி போட வரவில்லை. ஒவ்வொன்றையும் அவரே திறந்தார்.

அந்தப் பெண் டிக்கிக் கதவைத் தடவிப் பார்த்தாள். "சொன்னதுக்கு நன்றி சார். இதுவரைக்கும் நாலு வண்டி பாத்துட்டேன். நாலும் பூ மாதிரின்னுதான் சொன்னாங்க" என்றாள். அண்ணன் இருமினார்.

பிறகு விலை. "தொண்ணூத்தஞ்சு போட்டிருக்கீங்க. கிளட்ச் மாத்த எவ்வளவு ஆகும்?" என்று கேட்டாள்.

"அஞ்சு."

"அப்ப தொண்ணூறு?"

லென்ஸ்காரருக்குச் சொல்ல வேண்டிய வார்த்தை 'சரி'. அது அவருக்கு எப்போதுமே கடினமான வார்த்தை. 'ச'வில் பூட்டு விழுந்தது. அந்தப் பெண்ணின் முகத்தில் கவலை ஓடியது. கைப்பையைத் திறந்து எதையோ எண்ணுவதுபோல் உள்ளே பார்த்தாள். இன்னும் கொஞ்சம் நின்றால் விலை ஏறும் என்று அவருக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை கற்ற பாடம் அது. அவர் அவசரமாகத் தலையை ஆட்டினார், கையை நீட்டினார், அதற்குப் பிறகு வார்த்தையும் வந்து சேர்ந்தது. அன்று அவர் ஆட்டிய ஒரே தலையாட்டல் அதுதான், அதுவும் அவருடைய சொந்தத் தலையாட்டல்.

அவள் போன பிறகு அண்ணன் வாசல்படியில் உட்கார்ந்தார். முகத்தில் இன்சூரன்ஸ் சிரிப்பு இல்லை. "சின்ன வயசிலிருந்து உனக்காகப் பேசிப் பேசியே பழகிட்டேன்டா. உனக்கு உதவியா இருக்கேன்னுதான் நினைச்சேன்."

"உதவிதான் அண்ணா" என்றார் லென்ஸ்காரர், பக்கத்தில் உட்கார்ந்து. "இனி... கேட்டுப் பழகு."

அண்ணன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அவர் வாழ்நாளில் அதுவே ஒரு சாதனை. "எழுபதுக்குத் தள்ளப் பாத்தேனே. என் வியாபாரி இதைக் கேட்டா என்னை ஏற இறங்கப் பாப்பான்" என்றார் பிறகு. மனைவி டீ கொண்டுவந்து வைத்தாள். அண்ணன் டம்ளர் பக்கத்தில் சிலேட்டையும் வைத்தாள். அதில் 'சர்க்கரை குறைவு. பேச்சும்' என்று இருந்தது.

பெயர் மாற்றத்துக்குப் போக்குவரத்து அலுவலகம் போனபோது மனைவியும் வருவதாக எழுதினாள். வேண்டாம் என்றார். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த அலுவலர், நிமிர்ந்து பார்க்காமலே "விக்கிறவர் பேர்?" என்றார். மற்ற எந்த வார்த்தை பூட்டிக்கொண்டாலும் வேறு வார்த்தையைப் போட்டுத் தப்பித்துக்கொள்ளலாம். சொந்தப் பெயருக்கு மாற்று கிடையாது. திக்குகிறவர்களுக்குத்தான் தெரியும், உலகத்திலேயே கடினமான சொல் அதுதான். அலுவலர் பொறுமையிழந்து காகிதத்தை எடுத்துப் படிக்கக் கை நீட்டினார். லென்ஸ்காரர் காகிதத்தின் மேல் தன் கையை வைத்தார். பின்னால் வரிசையில் ஏழெட்டுப் பேர். அவர்கள் கால் மாற்றி நிற்கிற சத்தம் கேட்டது. அவர் நின்றார். கண் மூடவில்லை. பெயர் வந்தது, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை, முழுசாக.

அலுவலர் எழுதிக்கொண்டார். "முகவரி?" என்றார்.

முகவரியையும் சொன்னார்.

கார் போய்ப் பத்து நாளாகியும் விளம்பரத்துக்கு அழைப்புகள் வந்துகொண்டேயிருந்தன. மனைவிக்குக் குரல் திரும்பியிருந்தது, கொஞ்சம் கரகரப்பாக. "விளம்பரத்தை எடுத்துடுங்களேன், வேலை நேரத்துல தொந்தரவுதானே" என்றாள். அவர் கேட்டும் கேட்காதவர்போல் இருந்தார். போன் அடித்தால் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, சாவகாசமாக எடுப்பார். "வித்தாச்சு" என்பார். திக்கினாலும் சொல்வார், திக்காவிட்டாலும் சொல்வார். சிலரிடம் அதோடு நிற்காமல், பழைய கார் வாங்கும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று பத்து நிமிடம் விளக்கவும் செய்தார். திரைக்கு அந்தப் பக்கம் விற்பனைப் பெண்கள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்கள். அடுத்த சனிக்கிழமை, புது லென்ஸில் பார்த்தால் மாடிப்படி சரியாகத் தெரியவில்லை என்று ஒருவர் தகராறு செய்தபோது, அவர்கள் முதலாளியைக் கூப்பிடவில்லை. திரையை விலக்கி லென்ஸ்காரரைக் கூப்பிட்டார்கள். அவர் வெளியே வந்து, நாற்காலியை இழுத்துப்போட்டு, லென்ஸின் எந்தப் பகுதி எதற்கு என்று கால் மணி நேரம் சொன்னார். தகராறு செய்தவர் கடைசியில் இன்னொரு ஜோடிக்கு ஆர்டர் கொடுத்துவிட்டுப் போனார்.

அந்த வருடக் கடைசியில் அண்ணன் போன் செய்தார். குரலில் கொஞ்சம் வெட்கம். "தம்பி, என் காரை விக்கலாம்னு இருக்கேன். நீ வந்து பேசித் தர்றியா?"

"சரி. ஆனா ஆளுங்க வர்றப்ப நீ வீட்டுக்குள்ள இருக்கணும்."

"இருக்கேன்டா."

ஞாயிற்றுக்கிழமை லென்ஸ்காரர் நோட்டோடு போனார். இரண்டு மணி நேரம் அண்ணன் காரின் மேலும் கீழும் உள்ளும் புறமும் பார்த்து, பொடி எழுத்தில் எழுதினார். வாங்க வருகிறவர்களிடம் சொல்லவேண்டிய குறைகள் என்று பதினேழு தேறின. அண்ணன் பட்டியலை வாங்கி, கண்ணாடியைப் போட்டு, மேலிருந்து கீழே படித்தார். மறுபடியும் படித்தார்.

"இத்தனையும் சொல்லணுமா?"

"எல்லாம்."

அண்ணன் இன்னும் அந்தக் காரைத்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறார்.